டெலவேரில் பதிவு செய்தால் விற்பனை வரி இல்லையா?

"டெலவேரில் எல்எல்சி (ஒரு வகைக் கம்பெனி) தொடங்குங்கள், அமெரிக்கா முழுக்க விற்பனை வரி இல்லாமல் ஆன்லைனில் விற்கலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

அமெரிக்க மாநிலமான டெலவேரில் விற்பனை வரி கிடையாது என்பது மட்டும் சரி. ஆனால் வெளிமாநிலத்துக்கு அனுப்பும் பொருளுக்கு, அது போய்ச் சேரும் மாநிலத்தின் வரிதான் கணக்கு. கம்பெனியை எங்கே பதிவு செய்தீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

"வாங்குபவரின் மாநிலத்தில் நமக்கு ஆபீஸ் இல்லையே, எதற்கு வரி வசூலிக்க வேண்டும்" என்ற வாதம் 1992-ல் வந்த குவில் தீர்ப்பின் காலத்தில் செல்லுபடியானது. 2018 ஜூனில் சவுத் டகோட்டா–வேஃபேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்துவிட்டது. இப்போது ஒரு மாநிலத்தில் வரி வசூலிக்கும் பொறுப்பு வர, அங்கே விற்ற தொகை வரம்பைத் தாண்டினாலே போதும். சவுத் டகோட்டாவில் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர், டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் 5 லட்சம் டாலர் என்பது வரம்பு. சொந்த இணையதளம் வழியே டெக்சாஸ்காரர்களுக்கு 6 லட்சம் டாலருக்குச் சேலை விற்றால், அங்கே பதிவு செய்து, வரி வசூலித்து, கணக்குத் தாக்கல் செய்யத்தான் வேண்டும். வசூலிக்காமல் விட்டால் அந்த வரி உங்கள் கைக்காசு. அபராதமும் வட்டியும் தனி.

அமேசான், எட்சி போன்ற விற்பனைத் தளங்கள் மூலம் விற்றால் பொதுவாக வரியை அவர்களே பிடித்துக் கட்டிவிடுவார்கள். அப்புறம் ஒன்று: உங்கள் சரக்கு அமேசான் கிடங்கில் இருந்தால், பல மாநிலங்களில் அதுவே நீங்கள் அங்கே இருப்பதாகக் கணக்கு; அதனால் வரிப் பொறுப்பு வரலாம். அதே பொருளைச் சொந்தத் தளத்திலும் விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.