வண்டல் அள்ளுகிறவர் திருடர் இல்லை

அந்த டிராக்டர் வீடியோ எனக்கும் வந்துவிட்டது. மேட்டூர் அணையில் பட்டப்பகலில் மண் கொள்ளையாம். வண்டி ஓட்டியவரின் முகத்தைக்கூட மறைக்காமல் போட்டிருக்கிறார்கள். அவர் அள்ளியது வண்டல், தன் நிலத்துக்கு. இதில் கொள்ளை எங்கே வந்தது?

அணை கட்டி முடித்தது 1934இல். அப்போது போட்ட 93.47 டி.எம்.சி. கணக்கைத்தான் இன்றும் சொல்கிறோம். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, அது மாறாது, சரி. அதற்குள் மண் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? வெள்ளத்தோடு வரும் மண் முழுவதும் மதகு வழியே போய்விடாது. தண்ணீர் வேகம் தளரும் மேல்முனையில் கல்லும் மணலும் முதலில் தங்கும். பொடி வண்டலும் களியும் உள்ளே வந்து மெதுவாகப் படியும். படிகிற ஒவ்வொரு பிடியும் தண்ணீருக்கான இடம். அதை அள்ளுகிறவர் அணைக்கு நல்லதுதான் செய்கிறார்.

'கர்நாடக அணைகளே மண்ணைப் பிடித்துக்கொள்ளுமே' என்பார்கள். கிருஷ்ணராஜசாகருக்கும் கபினிக்கும் கீழே அர்க்காவதி சேர்கிறது, சின்னாறு சேர்கிறது. அவை வெறும் தண்ணீரையா கொண்டுவருகின்றன?

எங்கள் நிலம் செம்மண் சரளை. ஈரம் நிற்காது. கோடையில் அப்பா வண்டல் அடிப்பார். அடித்த கொல்லையில் கடலைச்செடி வாடாமல் தாக்குப்பிடிக்கும். களியும் மக்கும் கலந்த மண், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கோடையில் அனுமதிச் சீட்டு இல்லை என்று வண்டியை மறித்து, ஊர் பார்க்க அவரை வெயிலில் நிறுத்தினார்கள். கெஞ்சினார். அதன் பிறகு அவர் வண்டல் பக்கமே போகவில்லை. அந்த வீடியோவை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை என்றால் காரணம் இதுதான்.

வண்டல் பெயரில் மணல் கடத்துகிறார்களே என்று கேட்பீர்கள். கடத்துகிறார்கள். பிடியுங்கள், யார் வேண்டாம் என்றது? நனைத்துப் பிசைந்தால் வண்டல் கையில் ஒட்டும், மணல் உதிரும். தொட்டாலே தெரிகிற வித்தியாசத்துக்கு விவசாயியை ஏன் திருடன் ஆக்குகிறீர்கள்?

டிராக்டரை வைத்து அணையைத் தூர்வார முடியுமா என்றும் கேட்கிறார்கள். முடியாது. அதற்காக எடுக்கிற கொஞ்சத்தையும் தடுப்பதா? நீருக்குள் ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் ஆழமானியால் அளந்து, இன்றைய கொள்ளளவு இவ்வளவுதான் என்று அடிக்கணக்கோடு சேர்த்து நாள்தோறும் சொல்லட்டும். அப்புறம் யார் கொள்ளையடிக்கிறார்கள் என்று பேசலாம்.

2024இல் வண்டல் அள்ள வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். நல்லது. ஆனால் பண்ணவாடியில் அணைத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் வற்றுவதே ஏதோ சில கோடைகளில்தான். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் எல்லாம் மூழ்கிவிடும். மார்ச்சிலேயே சீட்டு கைக்கு வர வேண்டும். ஜூலையில் கொடுத்தால் விவசாயி அதை வைத்துக்கொண்டு எந்த மண்ணை அள்ளுவார்?