கதவு திறந்தே இருக்கட்டும்

பெண்ணின் ஆசையைப் பற்றிய ஜப்பானியப் படம் என்றால் நிக்காட்சு ஸ்டூடியோ 1971இல் தொடங்கிய 'ரோமன் போர்னோ' வரிசையைத்தான் பலரும் சொல்வார்கள். சுமார் 70 நிமிடப் படம், பத்து நிமிடத்துக்கு ஒரு படுக்கைக் காட்சி, மற்றதெல்லாம் இயக்குநர் விருப்பம் என்பது அங்கே கணக்கு. ஜப்பானிய இயக்குநர் ரியூசுகே ஹமாகுச்சியின் 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன் அண்ட் ஃபேன்டஸி' (2021) வேறு வழியில் போகிறது. 121 நிமிடம், மூன்று கதைகள். ஆசை முழுக்கப் பேச்சில் இருக்கிறது. அந்த ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் நடுவர் குழுப் பெரும்பரிசான வெள்ளிக் கரடியை வாங்கிய படம்.

"சும்மா பேசிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று இதைத் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பேச்சு எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். படப்பிடிப்புக்கு முன் நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வசனத்தை வாசிக்கிறார்கள். ஏற்ற இறக்கம் கூடாது, உணர்ச்சி கூடாது, அவசரம் கூடாது. யாராவது கொஞ்சம் நடித்துவிட்டால் மறுபடி வாசிக்க வேண்டும். வாய் தானாகச் சொல்லும் வரைக்கும் இது நடக்கும். உணர்ச்சி முதன்முதலாக வருவது கேமரா முன்னால்தான். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் நடிகர்களைப் பழக்கிய விதத்திலிருந்து ஹமாகுச்சி எடுத்துக்கொண்டது இது. ஒத்திகையிலேயே அழுது பார்த்துவிட்டால் அந்த அழுகை வசனத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. நேற்றைய தன் குரலையே நடிகர் திருப்பிச் சொல்வார். ஆசையைச் சொல்லும் காட்சியில் இந்தக் கோளாறு பளிச்சென்று தெரிந்துவிடும்.

இரண்டாவது கதை நிற்பதே இதனால்தான். கல்யாணமாகி, குழந்தையும் பெற்று, மறுபடி கல்லூரிக்கு வந்தவள் நாவோ. அவளுடைய இளம் காதலனுக்குப் பேராசிரியர் செகாவா மேல் கோபம். அவரைச் சிக்கவைக்க அவளை அனுப்புகிறான். செகாவா எழுதிய நாவலிலிருந்து பச்சையான ஒரு பகுதியை அவர் எதிரிலேயே உட்கார்ந்து வாசிக்கிறாள். ரகசியமாகப் பதிவும் செய்கிறாள். அவள் மூடும் கதவை அவர் எழுந்து திறந்துவைக்கிறார். நாவோவாக நடிக்கும் காத்சுகி மோரி அந்தப் பகுதியை மயக்கும் குரலில் வாசித்திருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். செய்தி வாசிப்பதுபோல் வாசிக்கிறார். பொறியாகத் தொடங்கியது, தன்னைப் பற்றி யாரிடமும் சொல்லாததை ஒருத்தி வெட்கமில்லாமல் சொல்லும் இடமாக மாறுவது அதனால்தான். பிறகு அந்தப் பதிவை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பும்போது முகவரியில் செகாவா என்பது சகாவா ஆகி, வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரு எழுத்துதான். அவர் வேலை போகிறது, இவள் மணவாழ்க்கை போகிறது. திறந்த கதவுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்த பேச்சு, மின்னஞ்சல் என்ற பூட்டிய பெட்டியில் போட்டதும் அம்பலமாகிறது. பேராசிரியரை இவ்வளவு நல்லவராக்கியிருக்க வேண்டாம் என்று மட்டும் தோன்றும்.

முதல் கதையில் டாக்சிக்குள் நீளும் உரையாடலைப் பொறுமையாகக் கேளுங்கள். புதிதாகச் சந்தித்தவனைப் பற்றித் தோழி சொல்லச் சொல்ல, அவன் தன் பழைய காதலன் என்று மெய்கோவுக்குப் புரிகிறது. நமக்கு அது பிறகுதான் தெரியும். இரண்டாம் முறை பார்த்தால் கண் தோழியை விட்டு மெய்கோவின் முகத்துக்குப் போய்விடும். கடைசியில் காபிக்கடையில் கேமரா சட்டென்று அவள் முகத்தை நெருங்கும் இடம் சிலருக்கு மலிவான உத்தியாகப் படுகிறது. எனக்கு அது நேர்மையான உத்தி. உண்மையைக் கொட்டிவிடும் முடிவு ஒன்று, மரியாதையாக எழுந்து போகும் முடிவு ஒன்று. இரண்டும் அவளுக்குள் ஒரே நேரத்தில் இருப்பதை ஒளிக்காமல் காட்டிவிடுகிறது.

மூன்றில் உயரமானது மூன்றாவது கதைதான். கணினி வைரஸால் இணையமே முடங்கிய காலம் என்ற ஏற்பாடு கொஞ்சம் வலிந்தது. ஆனால் முகநூலில் தேடிப் பார்க்க முடிந்தால் இந்தக் கதையே இல்லை. செண்டாய் ரயில் நிலையத்தில் எதிரெதிர் நகரும் படிக்கட்டுகளில் நாட்சுகோவும் ஆயா என்ற பெண்ணும் ஒருவரையொருவர் கடக்கிறார்கள். இருபது ஆண்டுக்கு முந்தைய காதலி என்று நாட்சுகோ நினைத்தவள் முன்பின் தெரியாத ஒருத்தி. வீட்டில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிய பிறகுதான் இது வெளியாகிறது. அதற்கப்புறமும் பிரிவதில்லை. நீ அவளாக இரு, நான் பேசுகிறேன் என்று ஒருவருக்கொருவர் நடித்துக்கொடுக்கிறார்கள். வசதியான குடும்பத்தின் நடுவே எதிலும் பிடிப்பில்லாமல் போன ஆயாவின் வெறுமையும், பெண்ணைக் காதலித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட நாட்சுகோவின் வலியும் ஒரே எடையில் வைக்கப்படுகின்றன. வழியனுப்பிய பிறகு ஆயா திரும்பி ஓடிவருகிறாள். நாட்சுகோவை அவள் முதலில் யாரென்று நினைத்தாளோ, அவ்வளவு நேரமாக நினைவுக்கு வராத அந்தப் பழைய தோழியின் பெயர் அப்போதுதான் வந்திருக்கிறது.