தமிழ் எழுத்துலயே சொல்லிக்குடுக்கலாமே

குழந்தைங்களுக்கு ரகசிய கோட் சொல்லிக்குடுக்க, அந்தக்கால ரோம் தளபதி சீசர் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலா மூணு எழுத்து தள்ளி வர்றத எழுதுன முறைய உங்க பதிவுல ஏபிசிடி வச்சு விளக்கியிருக்கீங்க, நல்லாருக்கு, ஆனா தமிழ்ல இன்னும் ஜோருங்க. உயிர்க்குறிய அப்டியே விட்டுட்டு மெய்யெழுத்து 18ஐ மட்டும் மூணு தள்ளுனா சேலம்ங்கறது ணேளல் ஆயிரும், எம் பொண்ணு ஏற்காடு ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கற வரைக்கும் கண்ல பட்ட போர்டெல்லாம் இப்டி மாத்தி படிச்சுக்கிட்டே வந்தா, காதே வலிச்சுருச்சு போங்க.

உடைக்கவும் சொல்லித்தரணும், 17 விதமா நகத்திப் பாத்தா இது தன்னால வெளிய வந்துரும்.

அப்றம் நம்ம பக்கம் மாட்டுச்சந்தைல துண்டுக்குள்ள வெரல புடிச்சே வெல பேசி முடிப்பாங்களே, பக்கத்துல நிக்கறவனுக்குக்கூட ரேட்டு தெரியாது, அதுவும் கோட் தானுங்களே? அத ஏன் விட்டுட்டீங்க?