அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியாதா?

வியாழக்கிழமை காலை நம்ம நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸும் ஸ்கூல் வேனும் மாட்டிக்கொண்டு நின்றதைத் திரும்ப எழுதப் போவதில்லை. வீடியோ எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றிவிட்டது. ஆம்புலன்ஸ் கத்துவது, ஸ்கூல் வேனுக்குள் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பது, பின்னாலிருந்து யாரோ கெட்ட வார்த்தையில் திட்டுவது, எல்லாம் பார்த்தாயிற்று. இந்தப் பதிவு அந்த வீடியோவுக்குக் கீழே வந்த ஒரு கமெண்டுக்காக.

"அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியாத ஜனம். சரக்கு ரயில் ஓடினாத்தான் ஊர் வளரும். இதே ஆட்கள்தான் நெல் தேங்குது, வேகன் விடுன்னு கத்துவாங்க."

எழுதியவர் வெளியூர்க்காரர் இல்லை. நீடாமங்கலத்தில் பிறந்து வளர்ந்து இப்போது சென்னையில் இருப்பவர். எனக்கு அண்ணன் முறை. பெயர் வேண்டாம். யார் யார் லைக் போட்டிருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன். என் சொந்தத் தம்பி ஹார்ட் போட்டிருக்கிறான். அவனை வீட்டில் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த அஞ்சு நிமிஷத்துக்கு வருவோம். அண்ணன் சொல்வது தப்பில்லை, சொல்லப் போனால் அஞ்சு நிமிஷம்கூட வேண்டாம். நிலக்கரி வண்டி ஒன்றுக்கு ஐம்பத்தெட்டு வேகன், ஏறக்குறைய 650 மீட்டர் நீளம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டால்கூட ஒன்றரை நிமிஷத்தில் கேட்டைத் தாண்டிவிடும். அதற்கா இத்தனை பேர் வண்டியை அணைத்துவிட்டு ரோட்டில் இறங்கி நிற்கிறோம்?

கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்கும். அதுதான் இன்டர்லாக்கிங். பாதுகாப்புக்கு அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் எனக்குச் சண்டையே இல்லை. தஞ்சாவூர், திருவாரூர் நடுவில் இருப்பது ஒற்றைப் பாதை. எதிரே வருவது வந்து சேர்ந்தால்தான் இங்கே நிற்பது கிளம்பும். இதற்கு மேல் மன்னார்குடி வண்டிகளுக்கு என்ஜினைக் கழற்றி மறுபக்கம் கொண்டுபோய் மாட்டும் வேலை. இதற்கும் மேல் நெல் ஏற்றும் சரக்கு வண்டி. இருபத்தொரு வேகன் அல்லது நாற்பத்திரண்டு வேகன். அதை யார்டில் உள்ளே தள்ளுவார்கள், வெளியே இழுப்பார்கள், மறுபடி தள்ளுவார்கள். என்ஜின் கேட்டை மறித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வரும், நிற்கும், யோசிக்கும், பின்னால் போகும். "போயிடுச்சு" என்று நாம் வண்டியை ஸ்டார்ட் செய்வோம். திரும்ப வரும்.

நிற்பது பெரிய விஷயமே இல்லை. இத்தனை வருஷமாக நின்றவர்கள்தானே நாங்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை, அதுதான் என் புகார். எங்கள் நேரம் யாருடைய கணக்கிலும் இல்லை. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். அலுத்துப்போனவர்கள் இப்போதே ஸ்க்ரோல் செய்துவிடலாம்.

"நெல் தேங்குதுன்னு கத்துவாங்க" என்றாரே, ஆமாம், கத்தினேன். எங்களுக்குப் பத்து மா நிலம். குறுவையை அறுத்துக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி, மழைக்குப் படுதா போட்டு மூடி, வெயில் வந்தால் திறந்து, ஈரப்பதம் 17-க்குள் இறங்காதா என்று காலால் கிளறிக்கொண்டு ராத்திரி அங்கேயே படுத்தவன் நான். குடோன் காலியானால்தான் சென்டரில் மூட்டை நகரும், வேகன் வந்தால்தான் குடோன் காலியாகும். இது எனக்குத் தெரியாதா? ஆயிரம் டன் என்றால் 40 கிலோ மூட்டையில் இருபத்தைந்தாயிரம் மூட்டை. ஒவ்வொன்றும் ஒரு மனுஷன் தலையில் ஏறித்தான் வேகனுக்குள் போகிறது. அந்த வண்டியை நான் எதிர்ப்பேனா? நெல் வண்டி வர வேண்டும், இன்னும் இரண்டு சேர்த்து வந்தாலும் சரி. காலையில் பள்ளிக்கூட நேரத்திலும் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்திலும் அந்த இழுத்துத் தள்ளும் வேலையை வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். நெல் மூட்டைக்கு எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் இல்லை.

"ரயில் முதல்ல வந்தது, நீங்கதான் பக்கத்துல வீடு கட்டினீங்க" என்று இன்னொருவர். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போட்ட பாதை இது. உண்மைதான், பழசு. முதலில் அகலப் பாதை, 1875 வாக்கில் மீட்டர் கேஜ், 2000-க்குப் பிறகு மறுபடியும் அகலப் பாதை. தண்டவாளத்தை இரண்டு தடவை பிரித்து மாற்றிப் போட்டிருக்கிறார்கள். தஞ்சை நாகை ரோடும் கும்பகோணம் மன்னார்குடி ரோடும் அதே கேட்டில் வந்து முட்டிக்கொண்டு நிற்பதை மட்டும் யாரும் மாற்றவில்லை. அப்புறம், மராட்டியர் காலத்துச் சந்தானராமர் கோயில் இருக்கும் ஊரில் வந்து ரயில்தான் முதலில் வந்தது என்று சொல்லாதீர்கள்.

சரி, கனமான கேள்வி ஒன்று வந்தது, அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. ஒரு தங்கை கேட்டிருந்தார்: "செம்மங்குப்பத்துக்கு அப்புறமும் கேட் மூடுறாங்கன்னு குறை சொல்றீங்களா அண்ணா?" படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். கடலூர் பக்கத்துச் செம்மங்குப்பம், 2025 ஜூலை 8. கேட்டில் ரயில் மோதிய ஸ்கூல் வேன். செத்துப்போன மூன்று பிள்ளைகள். அங்கே இருந்தது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். அதனால் சொல்கிறேன் தங்கை, கேட்டைத் திற என்று நான் எங்கேயும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நம்ம கேட் கீப்பரைத் திட்டுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. மேலே இருந்து அனுமதி வராமல் அவர் என்ன செய்வார்? ஜனம் அவருடைய அம்மா அப்பா வரைக்கும் இழுத்துப் பேசுவதை என் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து தினமும் கேட்கிறேன். ஆனால் இதையும் யோசியுங்கள். எப்போது திறக்கும் என்று தெரியாமல் மூடிக்கிடக்கிற கேட்டில்தான் மனுஷன் குனிகிறான். பைக்கைச் சாய்த்து அடியில் நுழைக்கிறான். நானும் ஒருமுறை நுழைத்திருக்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை, ஒழுக்கம் பற்றிப் பாடம் எடுக்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

"மேம்பாலம் வரும்" என்பவர்களுக்கு: வரட்டும். தேங்காய் நான் வாங்கி வருகிறேன்.

பாலம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு கேட்டுக்குப் பாலம் வேண்டுமா என்று பார்க்க டி.வி.யூ. (ட்ரெயின் வெஹிக்கிள் யூனிட்) என்று ரயில்வேயில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை ரயில், எத்தனை வண்டி, இரண்டையும் பெருக்கு. ஒரு லட்சம் தாண்டினால் பாலத்துக்குத் தகுதி. இதில் காருக்கும் லாரிக்கும் ஒன்று. மாட்டு வண்டிக்கும் ஒன்று. ஆட்டோவுக்கு அரை. பைக்குக்குக் கால். ஆக நாலு பைக் சேர்ந்தால் ஒரு மாட்டு வண்டி. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளை, முன்னால் ஒரு கேஸ் சிலிண்டர் என்று போனாலும் கால்தான். நடந்து போகிறவர் வண்டியே இல்லை. இதைக்கூட விட்டுவிடலாம். நிமிஷம் எங்கே? ரயிலை எண்ணுகிறார்கள், வண்டியை எண்ணுகிறார்கள். மூன்று நிமிஷம் மூடினாலும் முப்பது நிமிஷம் மூடினாலும் அந்தப் பெருக்கலில் ஒன்றுதான். இதைத்தான் சொல்கிறேன், எங்கள் நேரம் யாருடைய கணக்கிலும் இல்லை.

கணக்கில் இல்லையென்றால் நாமே கணக்கு எழுதுவோம் என்று ஒரு பழைய டைரியை எடுத்தேன். கடை கேட்டுக்குப் பக்கத்தில்தானே. மூடினால் ஒரு கோடு, நேரம். திறந்தால் நேரம். நிலக்கரியா, நெல்லா, பயணிகள் வண்டியா என்று ஒரு எழுத்து. ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியில் படியும் கரித்தூளைத் துடைத்துக்கொண்டே ஒரு மாசம் எழுதினேன். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தவர் இரண்டு பக்கம் புரட்டினார். "இதுல யாரு கையெழுத்துப் போட்டிருக்கா?" என்றார். நான்தான் எழுதினேன் என்றேன். "நீங்க எழுதினா எப்படி சார் செல்லும்?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், சார் போட்டு. வாட்சில் மணி பார்த்ததற்குக் கெஜட்டட் ஆபீசரிடம் அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தினம் எத்தனை பேருடைய மார்க் ஷீட்டை அட்டெஸ்டேஷனுக்காக ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். டைரி இப்போது கல்லாவுக்கு அடியில் கிடக்கிறது.

என் பெரியப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். இந்த ரூட்டில்தான் பாதி வாழ்க்கை. கேட் மூடியிருந்தால் ஜனம் இறங்கி நடந்து அந்தப் பக்கம் போய் வேறு பஸ்ஸைப் பிடிக்கும். டிக்கெட் கொடுத்த கையோடு இவர் காலி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். "என்னைத் தூக்கிட்டுப் போறப்பவும் இந்தக் கேட்ல நிறுத்தாம விடமாட்டானுங்கடா" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

நிறுத்தினார்கள். பாடை தோளில் இருக்கிறது. கேட் மூடியிருக்கிறது. நடு ரோட்டில் கீழே இறக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு பேர் மாற்றி நாலு பேர், அப்புறம் மறுபடி முதல் நாலு பேர். என் முறை இரண்டு தடவை வந்தது. பறையடிக்கிறவர்கள் கொஞ்ச நேரம் அடித்தார்கள், அப்புறம் நிறுத்தி, வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். நெல் வண்டி முன்னாலும் பின்னாலுமாகப் போய் வந்தது. பக்கத்து லாரி டிரைவர், யாரோ வெளி மாநிலத்துக்காரர், என்ஜினை அணைத்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி நின்றார். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா அன்றைக்கு எங்கள் வரிசைப் பக்கம் மட்டும் கூவவில்லை. பெரியப்பாவின் நெற்றிக்காசு வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. இல்லை, செத்தவருக்கு ஏது வியர்வை, அது எங்கள் யாருடையதோ. நான் அதைத் திரும்பத் திரும்ப எடுத்து வைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு டைரி எழுதவில்லை.

இதையெல்லாம் சொன்னால் "உணர்ச்சிவசப்படுறீங்க" என்பார்கள். ஆமாம் படுகிறேன். ஆலங்குடிக்குக் குருபெயர்ச்சிக்கு வருகிறவர்களும் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களும் வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கேட்டில் நின்றுவிட்டு "என்னப்பா ஊரு இது" என்று கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. இங்கேயே இருந்து, இங்கேயே படித்து, இந்த ரயிலிலேயே ஏறிப் போனவர்கள் அங்கிருந்து பொறுமை பற்றி எழுதுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. சென்னையில் சிக்னலில் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் செகண்டு ஓடுகிறது. அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. அந்த மரியாதையில் பாதியாவது இங்கே கிடைக்கட்டும். ஒரு போர்டு வையுங்கள். "நெல் வண்டி, நாற்பது நிமிஷம்" என்று எழுதிப் போடுங்கள். நாங்கள் டீ குடித்துவிட்டு வருகிறோம், நோயாளி இருக்கிற வண்டி சுற்றிப் போகட்டும். அதற்குப் பாலமும் வேண்டாம், கோடியும் வேண்டாம். ஒரு சாக்பீஸ் போதும்.

அண்ணா, இது உங்களுக்கு மட்டும். போன மாசம் உங்கள் அம்மாவைச் சர்க்கரை டெஸ்டுக்கு அழைத்துப் போனது நான்தான். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். காலை ஏழரைக்குக் கிளம்பினோம், கேட் மூடியிருந்தது. ஆட்டோவில் உட்கார முடியவில்லை என்றார், கடையைத் திறந்து பிளாஸ்டிக் சேர் போட்டேன். எட்டு மணி. எட்டேகால். "தம்பி, ஒரு வாய் காப்பி குடிச்சா டெஸ்ட்டு கெட்டுடுமா?" என்று கேட்டார். கெட்டுடும்மா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். கேட் திறந்தபோது கையைப் பிடித்து ஏற்றிவிட வேண்டியிருந்தது, கால் நடுங்கியது. "அவன்கிட்ட சொல்லாதே, அங்க உக்காந்து கவலைப்படுவான்" என்றார். இதுவரைக்கும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வருவதாக அம்மா சொன்னார்கள். எந்தப் பஸ் என்று மட்டும் மெசேஜ் போடுங்கள். கேட் மூடியிருந்தால் இறங்கி நடந்து வந்துவிடுங்கள், பையைத் தூக்க நான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.