பச்சை மையில் என் கையெழுத்து

வெள்ளிக்கிழமை இரவு நம் வாசகர் குழுவில் நடந்ததைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். என் கதைப் புத்தகத்தை முழுக்க நகலெடுத்து, கோப்பாக யாரோ குழுவில் போட்டிருந்தார்கள். நான் எழுதியது ஒரே ஒரு வரி: "இது விற்பனையில் இருக்கும் புத்தகம், தயவுசெய்து கோப்பை நீக்கிவிடுங்கள்." அவ்வளவுதான். விடிவதற்குள் எனக்குப் பணத்தாசை பிடித்திருக்கிறது, அறிவைப் பூட்டி வைக்கப் பார்க்கிறேன் என்றெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

பணத்தாசை என்றவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின் விலை 220 ரூபாய். எனக்கு ராயல்டி பத்து சதவீதம், பிரதிக்கு 22 ரூபாய். அச்சிட்டது 300 பிரதிகள். ஒன்று விடாமல் விற்றாலும் 6,600 ரூபாய். நான்கு வருட உழைப்புக்கு இது. தாளுக்கும் அச்சுக்கும் பைண்டிங்குக்கும் கைக்காசு போட்ட பதிப்பாளர் இன்னும் முதலையே எடுக்கவில்லை. நம் குழுவில் இருப்பவர்கள் எழுநூறு பேர். 300 பிரதி போட்ட புத்தகம் ஒரே இரவில் 700 கைப்பேசிகளுக்குப் போய்விட்டது.

கடையில் கிடைக்கும் புத்தகத்தை, எழுதியவரைக் கேட்காமல் பரப்புவது தவறு. இதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் சட்டம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

"பாரதி எல்லோருக்கும் பொது இல்லையா?" என்று ஓர் அண்ணன் கேட்டார். பொதுதான். எப்படிப் பொதுவானார் என்பதையும் சொல்லியிருக்கலாம். 1949-இல் அரசு அவர் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து உரிமையைப் பெற்றது. இன்றும் ஒருவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கும்போது மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை வழங்குகிறார்கள். 1998 முதல் மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் எத்தனையோ தன்னார்வலர்கள் கண் நோகத் தட்டச்சு செய்து தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறார்கள். உரிமைக்காலம் முடிந்ததா, அனுமதி இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். அவர்கள் உழைப்பையும் இந்தக் காரியத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

இன்னொருவர், டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கைக் கொண்டுவந்தார். 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, பாடத்திட்டத்துக்காகப் பல நூல்களிலிருந்து பகுதிகளை எடுத்துத் தொகுத்த நகல்களை. என் கதைகள் யாருக்கும் பாடமில்லை. உண்மையிலேயே வாங்க முடியாத மாணவர் ஒருவர் கேட்டிருந்தால் என் செலவில் அனுப்பியிருப்பேன். இதுவரை ஐந்தாறு பேருக்கு அனுப்பியும் இருக்கிறேன். குழுவில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

"நீங்கள் நகல் எடுத்ததே இல்லையா?" எடுத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில், மறுபதிப்பே வராத ஒரு நூலை நூலகத்திலிருந்து எடுத்துவந்து, பக்கத்துக்கு ஐம்பது பைசா கொடுத்து ஜெராக்ஸ் எடுத்தேன். இரண்டு வாரம் பஸ்ஸில் போகாமல் நடந்து அந்தக் காசைச் சேர்த்தேன். அது எந்தக் கடையிலும் கிடைக்காத நூல். இரண்டும் ஒன்றுதான் என்று நீங்கள் சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றல்ல.

சனிக்கிழமை காலையில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 47-ஆம் பக்கத்தின் ஓரத்தில், தாளை அழுத்திப் பிடித்த கட்டைவிரல் தெரிகிறது. மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்து. "அன்புள்ள" என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்த பெயரை மட்டும் வெள்ளையாக அழித்திருக்கிறார்கள். தேதியை விட்டுவிட்டார்கள். மையின் நிறத்தையும் விட்டுவிட்டார்கள்.

வெளியீட்டு விழா அன்று என் பையில் ஒரு பச்சைப் பேனா இருந்தது. மூன்று பிரதிகளில் எழுதியதும் மை தீர்ந்துவிட்டது. அதன் பிறகு எல்லோருக்கும் நீலத்தில்தான் எழுதினேன். அந்த மூவரும் என் வீட்டுக்கு வந்து என் அம்மா கையால் சாப்பிட்டவர்கள். யாரிடமும் காசு வாங்கவில்லை. படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நானே கொடுத்த பிரதிகள் அவை.

சட்டத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பெயரை அழித்தவருக்கு, செய்வது இன்னது என்று தெரிந்திருக்கிறது. அதுதான் மனத்தைவிட்டுப் போக மறுக்கிறது. எழுநூறு பேரில் எனக்குத் தொலைபேசியில் பேசியவர்கள் இரண்டே பேர். அந்த மூவரில் ஒருவர்கூட இல்லை.

இதை எழுதும் இந்த நேரம் வரை கோப்பு குழுவில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வரவில்லை.