நாற்பதைத் தாண்டி எம்.எஸ்.டபிள்யூ படிப்பது பற்றி

சமூகப்பணி முதுநிலைப் பட்டம், அதாவது எம்.எஸ்.டபிள்யூ, படிக்கச் சரியான வயது எது என்று கேட்டால் முப்பத்தைந்துக்கு மேல் என்றுதான் சொல்வேன். இருபத்தொரு வயதில் படிக்கக் கூடாது என்றில்லை. என் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் களத்தில் காட்டும் பொறுமையைப் பார்த்து நானே அசந்து போயிருக்கிறேன். ஆனால் வாழ்க்கையில் கொஞ்சம் அடிபட்டு, நாலு வீட்டு நல்லது கெட்டதில் நின்று, ஆஸ்பத்திரி வராண்டாவில் ராத்திரி விழித்திருந்தவர்கள் இந்தப் படிப்புக்குள் வர வேண்டும் என்று நம் கல்லூரிகளில் யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை. அவர்களாக முட்டி மோதி வந்தால் உண்டு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் பல வருடங்கள் இருந்தவள். இப்போது சென்னையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ படிக்கிறேன். பில்லிங் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு நோயாளியின் முகம் தெரியாது, பணம் கட்ட வருபவர்களின் முகம்தான் தெரியும். தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு வந்தவர்கள், ஊரில் இருக்கும் அண்ணனுக்கு போன் போட்டு எடுக்காமல் நிற்பவர்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தும் அதை எந்த ஜன்னலில் காட்டுவது என்று தெரியாதவர்கள். அவர்களுக்காக ஒரு சோஷியல் வொர்க்கர் மேடம் அங்கே இருந்தார். அவர் அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுகிற விதம் வேறு. ரேஷன் கார்டில் யார் பெயர் இருக்கிறது, வருமானச் சான்றிதழை வி.ஏ.ஓ.விடம் யார் போய் வாங்குவது, வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடுவார். இரக்கம் எனக்கும் இருந்தது. அவரிடம் இருந்தது இரக்கம் மட்டும் இல்லை, கற்றுக்கொண்ட ஒரு தொழில். அதைக் கற்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது அங்கேதான்.

வீட்டில் சொன்னபோது எல்லோரும் கேட்டதையே கேட்டார்கள். "நல்லது செய்யறதுக்கு எதுக்குடி டிகிரி?" என்று என் அம்மா. "இந்த வயசுல காலேஜா?" என்று நாத்தனார். அப்புறம் சொந்தக்காரர்கள் சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கிறிஸ்டியன் காலேஜாமே, மதம் மாத்திடுவாங்க, பார்த்து இரு" என்றார்கள். மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன்.

முதலில் வயது. சிறார் நீதிச் சட்டம் 2015 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும், சட்டத்தோடு முரண்பட்ட சிறார்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் இருக்க வேண்டும். அதில் ஒரு மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் உட்கார வேண்டும், இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளைப் பாருங்கள். அந்தச் சமூகப்பணியாளர்களுக்கு முப்பத்தைந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும், குழந்தைகளோடு ஏழு வருட அனுபவம் வேண்டும் என்று இருக்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கும் அதே வயது, அதே அனுபவம். ஒரு குழந்தையை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வயதும் பக்குவமும் தேவை என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. ஆனால் கீழ்மட்டத்தில் நடப்பது என்ன? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்த வேலைக்கு வந்த விளம்பரங்களில் நான் பார்த்தவை நாற்பது, நாற்பத்திரண்டோடு கதவை மூடிவிடுகின்றன. நாற்பதில் படிக்க வருகிறவள் படித்து முடிப்பதற்குள் அந்த வேலைக்கு வயது தாண்டிவிடுகிறது. பிறகு அந்த அனுபவத்தை அவள் எங்கே போய்ச் சேர்ப்பது? இதை மாற்ற வேண்டியது அரசு. குழந்தைகள் பாதுகாப்பில் ஓடியாட ஆள் வேண்டும் என்பது புரிகிறது, ஆனால் ஓடுவது பாதி வேலைதான். மீதி பாதி, ஒரு வீட்டு வாசலில் நின்று உள்ளே வரச் சொல்லும்வரை காத்திருப்பது.

அதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், அது எங்கள் தொழிலின் விதி. கண்ணகி நகரில் எனக்கு ஃபீல்டு வொர்க் போட்டிருந்தார்கள். நகரத்துக்கு நடுவில், ஆற்றோரங்களில் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டு மக்களைக் கொண்டுபோய் வைத்த இடம், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட ஒரு பெண்ணின் வீட்டுக்கு நானும் என்னோடு படிக்கும் ஒரு பையனும் போனோம். அந்த அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. பையன் கேள்வித்தாளை எடுத்தான். நான் அவன் கையை லேசாக அழுத்திவிட்டு, முறத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. காம்பெல்லாம் ஒரு பக்கம், கீரை ஒரு பக்கம் சேர்ந்த பிறகு அவராகவே சொன்னார்: "படிப்பு வராம நிக்கலம்மா. பஸ் ஸ்டாப்புல ஒரு பையன் தொல்லை. அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கொலை விழும். நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

முன்பு இருந்த இடத்தில் பள்ளி நடந்து போகிற தூரம். இங்கே வந்த பிறகும் பழைய பள்ளியையே விடாமல் பிடித்துக்கொண்டதால் பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் பள்ளிப் பதிவேட்டில் "படிப்பில் ஆர்வமின்மை" என்று எழுதி முடித்திருந்தார்கள். டி.சி. வாங்க அலைந்ததுதான் பெரிய பாடு, வாங்கி அருகிலேயே ஒரு பள்ளியில் சேர்த்தோம். இப்போது போய்க்கொண்டிருக்கிறாள். பஸ் ஸ்டாப் பையன் விஷயமும் முறைப்படி பேசப்பட்டது, அதை இங்கே எழுத மாட்டேன்.

நான் ஒரு தாய், முருங்கைக்கீரை ஆயத் தெரியும், அதனால்தான் அந்த அம்மா பேசினார் என்று சொன்னால் அது பாதி உண்மை. பக்கத்து வீட்டு அக்காவிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அந்த அக்கா உடனே, "பொண்ணைக் கட்டிக் கொடுத்துடு" என்று சொல்லியிருப்பார். எங்கள் ஊரில் வயதான பெண்களுக்கு அறிவுரை வாயிலேயே இருக்கும். அதை அடக்கி வைத்து, எதிரில் இருப்பவர் தன் முடிவுக்குத் தானே வரும்வரை கூட இருக்கப் பயிற்சி தேவை. என் அம்மாவின் கேள்விக்குப் பதில் அதுதான். ஒவ்வொரு வாரமும் களத்தில் நடந்ததை வரிவரியாக ரெக்கார்டிங் எழுத வேண்டும், அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் ஓடியது எல்லாம். அதைப் படித்துவிட்டு எங்கள் ஆசிரியை சிஸ்டர் (கன்னியாஸ்திரி) ஓரத்தில் சிவப்பு மையில் கேட்பார், "இந்த இடத்தில் நீங்கள் ஏன் பேச்சை மாற்றினீர்கள்?" என்று. அப்புறம் ஐ.சி. என்று நாங்கள் சொல்லும் ஆசிரியர்-மாணவர் சந்திப்பில் தனியாக உட்கார வைத்து அதைப் பேசுவார். இந்த வயதில் என் பேச்சை ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கவனித்துத் திருத்துவது எனக்குக் கிடைத்த பெரிய கொடை என்று நினைக்கிறேன். அஞ்சல் வழியிலும் இந்தப் பட்டம் இருக்கிறது, இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) களப்பணியோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள், வேறு வழியில்லாதவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. என்றாலும் நேரில் உட்கார்ந்து கற்கும் இந்த ஒன்றுக்காக முடிந்தவர்கள் கல்லூரிக்கே போங்கள் என்பேன்.

இனி மதம். நான் திருநீறு வைத்துக்கொண்டுதான் கல்லூரிக்குப் போகிறேன். காலையில் ஜெபம் நடக்கும், எல்லோரும் எழுந்து நிற்போம். யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. ஆனால் என் அனுபவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. தனி மனிதரோடும் குடும்பத்தோடும் வேலை செய்யும் முறையைச் சொல்லும் கேஸ் வொர்க் தாளில் முதலில் மனப்பாடம் செய்ய வைப்பது ஏழு கோட்பாடுகள். ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்ப்பது, உணர்வுகளை வெளிப்படுத்த இடம் கொடுப்பது, நம் உணர்வைக் கட்டுக்குள் வைப்பது, ஏற்றுக்கொள்வது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யும் உரிமை, ரகசியம் காப்பது. 1957-ல் இவற்றை வகுத்துக் கொடுத்தவர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக், சிகாகோ லயோலாவில் பாடம் நடத்திய ஒரு இயேசு சபைப் பாதிரியார். தன் மதத்தை வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்ட ஒருவர், உதவி கேட்டு வருகிறவரின் முடிவு அவருடையது, அதில் நீ கை வைக்காதே என்று எழுதியிருக்கிறார். எங்கள் வகுப்பில் நாசரேத் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், ஆஸ்பத்திரியில் நோயாளிக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டாள். சிஸ்டர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "அவங்களா கேட்டா, அவங்க சாமிய வேண்டிக்கிட்டா, கூட நில்லு. நீயா ஆரம்பிக்காதே." எனக்கு அந்த ஒரு பதில் போதும்.

இந்தியாவில் இந்தப் படிப்பு தொடங்கிய கதையும் அப்படித்தான். பம்பாய் நாக்பாடாவில் தொழிலாளர் குடியிருப்புக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரிதான் 1936-ல் முதல் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். பணம் கொடுத்தது ஒரு பார்சி அறக்கட்டளை. இன்று டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) என்று சொல்கிறோமே, அதுதான். சென்னையில் 1952-ல் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கிய மேரி கிளப்வாலா ஜாதவும் பார்சி. ஒரு மதத்துக்குள் அடங்கிய படிப்பாக இது ஒருநாளும் இருந்ததில்லை.

அதற்காக கிறிஸ்தவ நிறுவனங்களில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸ் நேரத்தில் முதியோர் இல்லத்துக்குப் போய் கேக் வெட்டி, சேலை கொடுக்கும்போது போட்டோ எடுத்து, அதை விரிவாக்கப் பணி என்று அறிக்கையில் சேர்க்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வகுப்பில் மனித மாண்பு பற்றிப் பாடம் நடத்திவிட்டு, சேலை வாங்குகிற பாட்டியை கேமராவைப் பார்க்கச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை, சொல்லியும் இருக்கிறேன். இந்து, முஸ்லிம் அமைப்புகளும் இதையே செய்கின்றன. ஆனால் சமூகப்பணித் துறை வைத்திருக்கிற கல்லூரிக்கு அந்தச் சாக்கு கிடையாது.

இன்னொரு வருத்தம், இந்தப் படிப்புக்குள் சிறப்புப் பாடமாக இருக்கும் ஹெச்.ஆர். (மனிதவளம்) பிரிவு. 500 பேர், அதற்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு சொன்னது. அந்த வேலைக்கு இந்தப் பட்டம் செல்லும் என்பதால் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகிறார்கள், தப்பில்லை, குடும்பம் நடக்க வேண்டுமே. ஆனால் மருத்துவம், மனநலம், குடும்பம், சமுதாயம் என்று மற்ற பிரிவுகளுக்கு ஆள் தேடுகிற நிலை வந்துவிட்டது. அந்த இடங்களை நிரப்பத்தான் என்னைப் போன்றவர்களை அழைக்கச் சொல்கிறேன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன்தான் 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் சொல்லும் குடிநோய் சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். அங்கே பயிற்சிக்குப் போகிற மாணவர்களுக்கு குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சைக்குள் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் தெரிந்துகொண்ட பெண்கள் நம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

அவர்கள் வருவதற்கு என்ன தடை? வாரத்தில் இரண்டு முழு நாள் களப்பணி, மற்ற நாளெல்லாம் வகுப்பு, எழுபத்தைந்து சதவீத வருகை, இரவு தங்கும் ரூரல் கேம்ப், கடைசியில் ஒரு மாதம் முழுக்க ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெறும் பிளாக் பிளேஸ்மென்ட். களப்பணியில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வகுப்பை மாலையிலோ வார இறுதியிலோ வைத்து, இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்கு நீட்டித்தால் என்ன? பல கல்லூரிகளில் மாலை ஷிப்ட் ஏற்கெனவே நடக்கிறது, கட்டடமும் விளக்கும் தயாராக இருக்கின்றன. கல்விக் கடன் கேட்டுப் போனபோது ஒரு வங்கியில் அப்பா கையெழுத்து கேட்டார்கள். என் அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. படிவத்தில் மாணவர் என்றால் இருபது வயதுப் பிள்ளை என்று அச்சடித்துவிட்டார்கள், அதற்கு வெளியே இருக்கிறவர்களுக்கு அங்கே கட்டமே இல்லை. முதல் அடியை கிறிஸ்தவக் கல்லூரிகள்தான் எடுத்து வைக்க வேண்டும் என்று நான் கேட்பதற்குக் காரணம், பெண்களுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில் திண்ணையில் பள்ளி நடத்தியவர்களின் வழி வந்தவை அவை.

சேரலாமா என்று இன்பாக்ஸில் கேட்ட தோழிகளுக்கு: விண்ணப்பம் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் போதும் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள், பி.காம். ஆக இருந்தாலும் தயங்காதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் துறைத் தலைவரை நேரில் பார்த்து இவற்றைக் கேளுங்கள்: களப்பணி வாரத்தில் எந்தெந்த நாள், ஐ.சி. உண்மையிலேயே ஒவ்வொரு வாரமும் நடக்கிறதா, மருத்துவ மனநலப் பிரிவு இந்த வருடம் நடக்கிறதா அல்லது ஆள் சேரவில்லை என்று ஹெச்.ஆரில் தள்ளிவிடுவார்களா, பிளாக் பிளேஸ்மென்ட்டைச் சொந்த மாவட்டத்தில் செய்ய விடுவார்களா. வீட்டில் மாமியாரோ பிள்ளையோ உங்களை நம்பி இருந்தால் கேம்ப் தேதிகளையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம், கடன் பற்றி கமெண்டில் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏற்கெனவே படித்து வேலையில் இருக்கிற அக்காமார்கள் யாராவது இதைப் பார்த்தால் நீங்களும் வந்து பதில் சொல்லுங்கள்.