ஐட்ரா குறியீடு காசுக்கு வாங்குவதல்ல

மலைப்பாதை ஓட்டத்துக்கு நுழைவுக்கட்டண உதவியும் வழிகாட்டியும் கேட்டு விண்ணப்பிக்க, முதலில் பணம் கட்டி ஐட்ரா குறியீடு (பன்னாட்டு மலைப்பாதை ஓட்டச் சங்கமான ஐட்ரா, ஓடுபவரின் திறனுக்குத் தரும் மதிப்பெண்) வாங்கணும்னு மேலே ஒருத்தர் எழுதியிருக்காங்க. அப்படி இல்லைங்க. ஐட்ரா மதிப்பிட்ட பாதையில் ஓடி முடித்து, போட்டி நடத்துபவர்கள் முடிவுகளை அனுப்பினால் பொதுக் குறியீடு தானாகவே பதிவாகும், உச்சம் 1000. சந்தா கூடுதல் விவரங்களுக்குத்தான்.

ஐட்ரா தளத்தில் ஓடுபவர் தேடலில் உங்க பெயரை அடிச்சுப் பாருங்க. வரலைன்னா பெரும்பாலும் இனிஷியல்தான் காரணம்: ஏற்காட்டில் ‘க. மேகலா’, வால்பாறையில் ‘மேகலா க.’னு பதிஞ்சா இரண்டு ஆளாகிடும். (நம்ம ஊர்ப் பெயர்களுக்கே உள்ள தொல்லை!) பிறந்த தேதியோடு ஐட்ராவுக்கு எழுதி, இரண்டையும் இணைக்கச் சொல்லுங்க. அடுத்த பதிவிலிருந்து அடையாள அட்டையில் உள்ள எழுத்தையே போடுங்க.